பச்சை மூடிப் பெண்

டாக்டரம்மா யாருக்கும் நன்றி சொல்ல மாட்டாள். அவள் மறந்துவிட்டு வந்த குடையைக் கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து கொடுத்தாலும் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவாள், அவ்வளவுதான். அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நாள் முழுக்க நன்றி சொல்லியே நாக்குத் தேய்ந்தவர். "ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் கோணிக்குமா?" என்று அவர் கேட்காத வாரம் இல்லை. "கோணாது. எரியும்," என்பாள். காரணம் அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்பார், கல்யாணம் என்றால் அப்படித்தானே.

காரணம் ஒரு மனிதர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தியல் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். எந்நேரமும் மடிப்புக் கலையாத சட்டை, ஆள் வருவதற்கு முன்னால் வந்துவிடுகிற சென்ட் வாசனை, இப்போதுதான் கல்யாண மேடையிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி ஒரு சிரிப்பு. பயிற்சி டாக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

அந்தப் பிரிவில் ஃபெலோஷிப் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, உடம்பு அந்த மருந்தை என்ன செய்கிறது என்று நோயாளியின் பக்கத்திலேயே இருந்து ஆராய்கிற படிப்பு அது. ஃபெலோஷிப் வாரியம் என்று ஒன்று பணம் கொடுக்கும். பிரிவுத் தலைவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கு இடம். பல வருஷத்துக்கு முன்னால், டாக்டர் படிப்பை முடித்த சூட்டோடு அவள் தேர்வானபோது அவள் அப்பா தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என்ன படிப்பு என்று யாராவது திருப்பிக் கேட்டால் மட்டும், "அது ரொம்பப் பெரிய படிப்பு," என்று சொல்லி நழுவிவிடுவார்.

அவளுக்குக் கிடைத்த ஆராய்ச்சி, லித்தியம் என்ற மாத்திரையைப் பற்றியது. மனம் கட்டுக்கடங்காமல் பறக்கிற நோய் இருப்பவர்களுக்குக் கொடுப்பது. அளவு கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் விஷம். ஆகவே அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தம் பிடிக்கிற குழாய்களின் மூடிக்கு ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொரு நிறம். அங்கே லித்தியத்துக்குச் சிவப்பு மூடி. ஒரு நாள் காலையில் சிவப்பு மூடி தீர்ந்துபோனது. ஸ்டோர் அலமாரியின் சாவி எப்போதும் மாப்பிள்ளை சாரின் சட்டைப்பையில்தான் இருக்கும், பெற்ற தாயைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார். அவரே திறந்து, ஒரு பெட்டி பச்சை மூடிக் குழாய்களை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சார், இது பச்சையா இருக்கே. பரவாயில்லையா?"

"ரத்தம் ரத்தம்தானேம்மா. மூடியோட கலரைப் பாத்து ஜோசியமா சொல்லப் போறோம்? போ, போய் வேலையைப் பாரு."

போனாள், வேலையைப் பார்த்தாள். அந்தப் பச்சை மூடிக் குழாய்க்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து பூசியிருப்பார்கள். அந்த மருந்திலேயே லித்தியம் இருக்கிறது. சமையலில் உப்பு சரியா என்று பார்க்க உப்பு ஜாடிக்குள்ளேயே கரண்டியை விட்டு நக்கிய கதைதான். எல்லா நோயாளிக்கும் அளவு தாறுமாறாக எகிறியது. மாப்பிள்ளை சார் அலறி அடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

அவர்களில் ஒருவர் தையல்காரர். அந்த மாத்திரையின் புண்ணியத்தில் பல வருஷம் கடையும் குடும்பமுமாக ஒழுங்காக இருந்தவர். நிறுத்திய கொஞ்ச நாளிலேயே தூக்கம் போயிற்று, பேச்சு பெருகிற்று. ஒரு நாள் மத்தியானம் வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த துணியையெல்லாம் நடுத்தெருவில் குவித்துத் தீ வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, எரிகிற துணியை இரண்டு கையாலும் அள்ளப் போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி அவளைத்தான் பிடித்துக்கொண்டாள், அவள்தானே ரத்தம் எடுத்தவள். "இனிமே ஊசியை எதைக்கொண்டும்மா பிடிப்பாரு?" என்று கேட்டாள்.

அளவுகள் பொய் என்பது பரிசோதனைக்கூடத்தில் யாரோ மறுபடி பார்த்தபோது தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு விசாரணை வந்தது. மாப்பிள்ளை சார் இமை கொட்டாமல் சொன்னார்: "புதுப் பொண்ணு. வார்டுல கிடந்ததை எடுத்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை." பக்கத்தில் நின்ற அவளுக்கு வாய் திறக்க வரவில்லை. பிறகு தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"உன் மேல எனக்குக் கோபமே இல்லைம்மா. நான் ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன். உன் பேரையே எடுத்துட்டேன். நீ இங்க ஃபெலோவா சேரவே இல்லைன்னு ஆக்கிட்டேன், வாரியத்துக்கும் அப்படியே எழுதியாச்சு. உனக்கும் கறை இல்லை, எங்களுக்கும் கறை இல்லை. வேற எங்கயாவது போய்ப் பொழைச்சுக்கோ."

"ரொம்ப நன்றி சார்," என்றாள் அவள்.

ஆமாம், சொன்னாள். கண்ணில் நீர் வழிய, கை கூப்பாத குறையாகச் சொன்னாள். பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவர் தன்னைக் காப்பாற்றவில்லை, துடைத்து எறிந்திருக்கிறார் என்று புத்தியில் உறைத்தது. தன் கழுத்தை அறுத்தவனுக்குத் தானே கத்தி எடுத்துக் கொடுத்த மாதிரி ஒரு அவமானம் அன்றைக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அதன் பிறகு அது இறங்கவே இல்லை. இடத்தை இழந்தது ஆறிவிட்டது. அப்பா தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டதுகூட ஒரு மாதிரி ஆறிவிட்டது. அந்த நன்றி மட்டும் ஆறவில்லை.

வேறு ஊருக்குப் போய், ஃபெலோஷிப் எதுவும் இல்லாமல், பகலில் ஆஸ்பத்திரி வேலையும் மிச்ச நேரத்தில் படிப்புமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அதே மருந்தியலை முதலிலிருந்து படித்தாள். ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கிற, பயிற்சி டாக்டர்களும் வந்து படிக்கிற பரிசோதனைக்கூடம் ஒன்றுக்குத் தலைவியானாள். கறார் டாக்டரம்மா என்று பெயர் வாங்கினாள். நல்ல நல்ல பதவிகள் வந்தன, வேண்டாம் என்று தள்ளினாள். ஃபெலோஷிப் வாரியத்தின் ஆய்வுக் குழுவில் மட்டும் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். சம்பளம் இல்லாத, சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காத வேலை அது. ஒவ்வொரு பயிற்சிப் பிரிவாகப் போய்ப் பார்த்து, இதற்கு இனியும் பயிற்சி டாக்டர்களை அனுப்பலாமா, பணம் கொடுக்கலாமா என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை சாரின் பிரிவுக்கு முறை வரும் நாளுக்காகக் காத்திருந்தாள்.

"இன்னுமா அந்த ஆளை நினைச்சுட்டிருக்க? என்னைக்கூட நீ இவ்வளவு நினைச்சதில்லையே," என்பார் வீட்டுக்காரர்.

"நீங்க என்னை ஒண்ணும் பண்ணலையே," என்பாள்.

முறை வந்தது. கிளம்பும் முன் குழுத் தலைவர், தலை நரைத்த மனிதர், வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்: "அந்தப் பிரிவோட உங்களுக்கு ஏதாவது பழைய தொடர்பு உண்டா? அங்க படிச்சது, வேலை பாத்தது?" இருந்தால் போகக் கூடாது என்பது விதி.

"அவங்க ஆவணத்துல என் பேர் எங்கயும் இருக்காது," என்றாள் டாக்டரம்மா. அதில் ஒரு சொல் பொய் இல்லை. அவர் செய்த அயோக்கியத்தனமே அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. இவள் வன்மத்தோடு வந்திருக்கிறாள் என்று அவர் ஆட்சேபிக்க வேண்டுமானால், இவள் என்னிடம் படித்தவள் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், பிறகு ஏன் பெயர் இல்லை என்ற கேள்வி வரும். இதை நினைத்து நினைத்து அவளுக்கு வழியெல்லாம் உச்சி குளிர்ந்தது.

வாசலில் நின்று வரவேற்றார் மாப்பிள்ளை சார். தலை வழுக்கையாகி, மீசை மட்டும் கறுப்பாக மினுங்கியது. சென்ட் மாறவில்லை. அவளைப் பார்த்த ஒரு நொடி அவர் முகம் பேயறைந்தது போல ஆகி, மறு நொடி பழைய சிரிப்புக்குத் திரும்பியது.

"வாங்க மேடம். நாம முதல் தடவையாச் சந்திக்கிறோம்னு நினைக்கிறேன்."

"ஆமா சார், முதல் தடவைதான்," என்றாள்.

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடினாள். இல்லாததை எழுதக் கூடாது என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தாள். அவரைப் போல் பொய் சொல்லித்தான் ஜெயிக்க வேண்டும் என்றால் அந்த ஜெயம் எதற்கு? ஆனால் அந்தப் பாழாய்ப்போன பிரிவில் எல்லாமே சரியாக இருந்தது. குழாய்கள் நிறம் நிறமாகத் தனித்தனி அடுக்கில். மருந்து அறை சுத்தம். நோயாளிகளின் சம்மதம், ஆராய்ச்சித் திட்டம், பாடம் எடுக்கிற ஒழுங்கு, எதிலும் கை வைக்க இடமில்லை. மத்தியானம் ஆவதற்குள் அவளுக்கு வயிறு எரிந்தது. கூட வந்தவர்கள், "ரொம்பப் பிரமாதமான யூனிட்," என்று தலையை ஆட்டியபோது அவர்கள் தலையைத் திருகிவிடலாமா என்றிருந்தது.

பயிற்சி டாக்டர்களைத் தனியாக விசாரிப்பது வழக்கம். அங்கே அப்போது ஒரே ஒரு ஃபெலோதான். துறுதுறுவென்று ஒரு பெண், எல்லோரும் சின்ன டாக்டர் என்று கூப்பிட்டார்கள். பயிற்சி முடிகிற தறுவாயில் இருந்தாள். சாருக்கு அவள் மேல் தனி நம்பிக்கை, அவளுக்குச் சார்தான் தெய்வம்.

"இங்க கத்துக்கிட்டதுல மறக்கவே முடியாத பாடம் எது?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

சின்ன டாக்டர் சிரித்துவிட்டாள். "பச்சை மூடிப் பொண்ணு கதை மேடம். சேர்ந்த முதல் நாளே சார் எல்லாருக்கும் சொல்லுவாரு. ரொம்ப நாளைக்கு முன்னாடி இங்க ஒரு பொண்ணு இருந்தாளாம். லித்தியம் பாக்கறதுக்கு, லித்தியம் இருக்கிற குழாயிலயே ரத்தம் எடுத்துட்டாளாம்! சார் எப்படி நடிச்சுக் காட்டுவாருன்னு பாக்கணுமே. அவ பேந்தப் பேந்த முழிக்கிறதை அப்படியே பண்ணுவாரு. நாங்க யாராவது தப்பு பண்ணினா, 'என்ன, பச்சை மூடியா?'ன்னுதான் கேப்பாரு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். பெயரை அழித்துவிட்டு ஆளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். வருஷா வருஷம் புதிதாக வருகிறவர்களுக்கு அவளை நிறுத்திவைத்துச் சிரிக்கக் காட்டியிருக்கிறார். பிரிவை மூட வேண்டும் என்ற ஆசையெல்லாம் அந்த இடத்திலேயே சின்னதாகிப் போயிற்று. 'நான்தான் கொடுத்தேன்' என்று அந்த வாய், ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது.

"சார் ஒரு குழாயை எடுத்துக் குடுத்து, இதுல ரத்தம் எடுன்னா, நீங்க கேள்வி கேப்பீங்களா?"

சின்ன டாக்டருக்குக் கேள்வியே புரியவில்லை. "சார் குடுத்தா சரியாத்தானே மேடம் இருக்கும்?"

சாயங்காலம் கடைசிக் கூட்டம். நீள மேசையின் ஒரு பக்கம் குழு, எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை சார், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர், கடைசியில் சின்ன டாக்டர். குழுத் தலைவர் பாராட்டிப் பேசி முடித்து, "மேடம், நீங்க ஏதாவது?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு. இங்க பச்சை மூடின்னு ஒரு பாடம் எடுக்கறாங்களாம். சார் வாயாலயே கேக்கணும்னு ஆசை."

மாப்பிள்ளை சார் கையை ஆட்டினார். "அது சும்மா ஒரு வேடிக்கை மேடம். நேரமாயிடுச்சு."

"சொல்லுங்க சார், நல்லா இருக்கும்!" என்றாள் சின்ன டாக்டர், விவரம் தெரியாமல். கண்காணிப்பாளரும் சிரித்துக்கொண்டே, "சொல்லுங்களேன்," என்றார். வேறு வழியில்லாமல் சொன்னார். நடிப்பும் இல்லை, முழிப்பும் இல்லை. வேண்டாவெறுப்பாக நாலு வரியில் முடித்துவிட்டு மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

"நல்ல பாடம்," என்றாள் டாக்டரம்மா. "அந்தப் பொண்ணுக்கு அந்தக் குழாய் எங்க கிடைச்சது சார்?"

"அதெல்லாம்... வார்டுலயோ, ஸ்டோர்லயோ."

"வார்டுல அந்தப் பச்சைக் குழாய் வைக்கறதுண்டா?" இதை அவள் சின்ன டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"இல்லை மேடம். எப்பவும் ஸ்டோர் அலமாரியிலதான் இருக்கும்."

"அலமாரி சாவி?"

"அது எப்பவும் சார்கிட்டதான். அந்தக் காலத்துலேர்ந்தே அப்படித்தான்னு நர்ஸம்மா..." சின்ன டாக்டர் பாதியில் நிறுத்தினாள். அவள் நெற்றி சுருங்கியது. தெய்வத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படின்னா அந்தப் பொண்ணுக்குப் பச்சை மூடியை எடுத்துக் குடுத்தது யாரு சார்?"

மாப்பிள்ளை சார் மறுபடியும் தண்ணீரை எடுத்தார். டாக்டரம்மா அவசரப்படாமல் அடுத்ததைக் கேட்டாள்: "மாத்திரையை நிறுத்தினீங்களே, அதுல ஒரு தையல்காரர். அவர் என்ன ஆனாரு சார்?"

"எந்தத் தையல்காரர்?" என்றார் மாப்பிள்ளை சார். நடிக்கவில்லை, நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. அவர் கதையில் அப்படி ஒரு ஆள் எந்த நாளும் இருந்ததில்லை.

"விரல் எல்லாம் ஒட்டிப்போச்சு. கடையை வித்துட்டாங்க. சாகற வரைக்கும் அவர் சம்சாரம்தான் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாங்க. தையல்காரருக்கு."

அப்போதுதான் அவர் உடைந்தார். கை மேசையில் படார் என்று விழுந்தது. "போதும், நிறுத்துடி! இவ யாருன்னு தெரியுமா உங்களுக்கெல்லாம்? இவதான் அந்தப் பச்சை மூடி! என்கிட்ட ஃபெலோவா இருந்தவ. பழிவாங்க வந்திருக்கா! ஆமா, நான்தான் எடுத்துக் குடுத்தேன். வாங்கினவளுக்கு அறிவு எங்க போச்சு?"

கடைசியில் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் கழித்து, பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் கேட்கிற சத்தத்தில். டாக்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போயிற்று. பசியாறின மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள்.

கண்காணிப்பாளர் மெதுவாகக் கேட்டார்: "சார், உங்க பிரிவுல படிச்சவங்க பேர் எல்லாமே எனக்குத் தெரியும். இவங்க பேர் அதுல இல்லையே?" குழுத் தலைவர் டாக்டரம்மா பக்கம் திரும்பி, "நீங்களும் என்கிட்ட மறைச்சிட்டீங்க," என்றார். "ஆமா," என்றாள் அவள். அதற்கும் அவள் தயாராகத்தான் வந்திருந்தாள்.

வாரியம் இரண்டு பேரையும் விடவில்லை. உண்மையை மறைத்துக்கொண்டு ஆய்வுக்குப் போனதற்காக அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். புதுக் குழு ஒன்று போய், பயிற்சி ஆவணத்தைத் திருத்தியவர் என்று மாப்பிள்ளை சாரிடமிருந்து பயிற்சி கொடுக்கும் உரிமையைப் பிடுங்கியது. ஃபெலோஷிப் பணம் வேறு ஊருக்குப் போயிற்று. அவர் இப்போது தனியாக அறையில் உட்கார்ந்திருக்கிறார், சிரிப்புக் கதை சொன்னாலும் கேட்க ஆள் இல்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். டாக்டரம்மா அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்காரர், "ஆறிச்சா?" என்று கேட்டார். "ஆறிச்சு," என்றாள்.

சில வாரம் கழித்து ஒரு நாள் சின்ன டாக்டர் டாக்டரம்மாவின் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முகம் வற்றியிருந்தது.

"வாரியத்துலேர்ந்து சொல்லிட்டாங்க மேடம். அவர்கிட்ட நான் படிச்ச காலம் எதுவும் கணக்குல வராதாம். அவர் கையெழுத்தே செல்லாதாம். வேணும்னா வேற இடத்துல முதல்லேர்ந்து சேரணுமாம்."

டாக்டரம்மா இதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். விதிகள் எல்லாம் விரல் நுனியில் இருந்தவள் அவள். அன்றைக்கு அந்த மேசையில் அவள் கண்ணுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது. "நான் வாரியத்துல பேசிப் பாக்கறேன்மா," என்றாள்.

"உங்க பேச்சை இப்ப அங்க யாரு கேப்பாங்க?"

அதுவும் உண்மைதான்.

"அன்னிக்குக் காலையிலயே, நான்தான் அந்தப் பொண்ணுன்னு நீங்க சொல்லியிருக்கலாம். வேற யாராவது வந்து விசாரிச்சிருப்பாங்க. நானே சாட்சி சொல்லியிருப்பேன். என்னையும் காப்பாத்தியிருப்பாங்க. ஆனா உங்களுக்கு அது போதலை. நீங்களே கேக்கணும், அவர் கத்தணும். அதுக்கு என் வாயைப் பிடுங்கிக்கிட்டீங்க."

"நீ நினைக்கிற மாதிரி உன்னைக் கெடுக்கணும்னு நான்..."

"என்னைப் பத்தி நீங்க நினைக்கவே இல்லை மேடம். அவரும் உங்களைக் கெடுக்கணும்னு நினைச்சிருக்க மாட்டாரு." அழாமல் சொன்னாள். பஸ்ஸில் பாதி தூரம் போகும்வரை காத்திருக்கிற பெண் இல்லை இவள். "நான் முதல்லேர்ந்து படிப்பேன். முடிச்சிட்டு ஒரு நாள் அந்த ஆய்வுக் குழுவுல வருவேன். இங்கதான் வருவேன், உங்க லேபுக்கு."

சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. இது வெறும் வாய்ச்சவடால் இல்லை, சொன்னதைச் செய்து முடிப்பாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அப்படிக் காத்திருப்பதற்கு ஒரு வாழ்க்கையில் எவ்வளவு செலவாகும் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். பின்னாலேயே போய், வேண்டாம்மா என்று சொல்ல வாசல்வரை வேகமாக வந்தாள். சின்ன டாக்டர் அதற்குள் தெருவைக் கடந்திருந்தாள்.